நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ்: செட்டிநாட்டுச் செம்மண்ணில் எவ்வளவு கேட்கும்?

மெட்டல் டிடெக்டர் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடி ஆழம் காட்டும்?" காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் கருவியைக் கையாளப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: "கிரவுண்ட் பேலன்ஸை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா?" முடியாது என்றால், அந்தக் கருவி மற்ற ஊர்களில் எவ்வளவு பேர் வாங்கியிருந்தாலும் இங்கே பாதி நேரம் அனத்திக்கொண்டேதான் இருக்கும்.

காரணம் மண். இப்பகுதியின் மேட்டு நிலம் பெரும்பாலும் செம்புரான் கல்லும் அது உதிர்ந்த சரளையும். அதன் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். டிடெக்டரின் அடியில் வட்டத் தட்டாக இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், நிலத்துக்குள் அனுப்பும் காந்தப்புலத்துக்கு, புதைந்த காசு மட்டுமல்ல, இந்த மண்ணும் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை அளந்து கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்பதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். தொடக்க விலைக் கருவிகள் பலவற்றில் இது ஆலையிலேயே ஒரு சராசரி மண்ணுக்குப் பூட்டப்பட்டிருக்கும். பலரும் கையில் எடுக்கும் காரெட் ஏஸ் 300 அந்த ரகம்தான்: 8 கிலோஹெர்ட்ஸ், எளிமையான இயக்கம், நான்கு பென்டார்ச் பேட்டரி போதும், இலகுவான கருவி. ஆனால் பேலன்ஸை மாற்ற வழியில்லை. செம்மண்ணில் அலறலை அடக்க சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் நுண்ணுணர்வை, குறைக்க வேண்டிவரும். குறைத்தால் ஆழத்தில் கிடக்கும் காலணாவும் சேர்ந்து காணாமல் போகும்.

துருக்கி நிறுவனமான நோக்டா 2019இல் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் பிளஸ், குறைந்த விலையிலேயே இந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. 12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசை, 'D' எழுத்து வடிவச் சுருள்கள் இரண்டு கொண்ட 28 செ.மீ. டபுள் டி காயில், 1.3 கிலோ எடை, உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரி, 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாத உடல். மடக்கினால் 63 செ.மீ.; டிவிஎஸ் ஃபிப்டியில் குறுக்கே வைத்துப் போகலாம். இதற்குப் பின் லைட், பிடி, அல்ட்ரா என்று புதிய வரிசை வந்துவிட்டாலும் அடிப்படை 12 கிலோஹெர்ட்ஸ் அப்படியே இருப்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

பேலன்ஸ் செய்யும் முறை இதுதான். உலோகம் எதுவும் இல்லாத ஒரு முழ இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். காயிலை வீசினால் ஒலி வராத இடம். பேலன்ஸ் பொத்தானை அழுத்தியபடியே காயிலைத் தரைக்குச் சமாந்தரமாக 15–20 செ.மீ. உயரத்திலிருந்து 3 செ.மீ. வரை இறக்கி ஏற்றுங்கள். கடையில் சொல்லித் தருவது போல ஆட்டி ஆட்டி அல்ல, நிதானமாக. மண்ணைப் பிடித்ததும் 'பீப்' ஒலியோடு திரையில் எண் நிற்கும். விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே எண் என்றால் சரி. எண் தாவினால் கீழே ஆணியோ ஓட்டாஞ்சல்லியோ இருக்கிறது. இரண்டடி நகர்ந்து செய்யுங்கள். செம்மண் மேட்டிலிருந்து கண்மாய் வண்டலுக்கு இறங்கினால் மறுபடி செய்ய வேண்டும். மழை பெய்து மண் ஊறினாலும் அப்படியே. இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டுக் கருவியைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

ஆழத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். காலணா அளவுக் காசு கண்மாய் வண்டலில் 20 செ.மீ. தாண்டியும் கேட்கும். சரளை கலந்த செம்மண்ணில் 12–15 செ.மீ.க்குத் தெளிவாகக் கேட்டால் நல்ல நாள். யூடியூபில் காற்றில் காசை ஆட்டிக் காட்டும் அளவை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வாங்கியதும் சொந்தக் கொல்லையில் 5, 10, 15, 20 செ.மீ. ஆழத்தில் ஒரே மாதிரிச் செப்புக் காசுகளை இரண்டடி இடைவெளியில் புதைத்து, எந்த ஆழத்தில் ஒலி மங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தோண்டிய மண் இறுகாத வரை முடிவு கொஞ்சம் குறைவாகவே வரும்; ஒரு மழைக்குப் பின் மறுபடி பாருங்கள்.

திரையில் 00 முதல் 99 வரை எண். கீழ் எண்கள் இரும்பு. மாத்திரை அட்டைத் தகடு, மெல்லிய அலுமினியம் அதற்கு மேல். பெரிய செம்பும் வெள்ளியும் உச்சியில். செம்மண்ணில் ஒரு வில்லங்கம் உண்டு: ஆழம் கூடக் கூட எண் இரும்புப் பக்கமாகச் சாயும். மேலே கிடந்தால் உச்சி எண் தரும் செப்புக் காசு, 15 செ.மீ.யில் தடுமாறி, ஒரு வீச்சில் மேலும் மறு வீச்சில் கீழுமாகக் காட்டும். ஆகவே இரும்பை முழுக்க வடிகட்டிவிட்டு நடப்பவர் நல்ல காசுகளையும் மிதித்துக்கொண்டு போவார். இரும்பின் ஒலி அளவை மட்டும் குறைத்து வைத்துக்கொண்டு, எண்ணை விடக் காதை நம்புங்கள். சந்தேகம் வந்தால் 90 பாகை திரும்பி நின்று குறுக்கே வீசுங்கள். காசு இரு பக்கமிருந்தும் ஒரே இடத்தில் கேட்கும். ஆணி இடம் மாறும் அல்லது உடையும். சோடா மூடிதான் இதிலும் ஏமாற்றும்: தட்டையான இரும்பு, நல்ல காசின் குரலில் பேசும். காயிலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். விளிம்பில் இரும்பின் கரகரப்பு வெளிவந்துவிடும்.

இடிந்த வீடுகளைச் சுற்றித்தான் கஷ்டம் அதிகம். கதவுக் கொண்டி, நாதாங்கி, கட்டுக்கம்பி, எனாமல் சட்டியின் சில்லு எல்லாம் ஒரு சதுர அடிக்குள் கிடக்கும். போதாக்குறைக்கு நாட்டு ஓடும் செங்கல்லும். சூளையில் வெந்த மண் காந்தத் தன்மை ஏறிய மண். உடைந்த ஓட்டுச் சில்லுகூட உலோகம் போலக் குரல் கொடுக்கும். காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பாருங்கள்: ஓட்டின் ஒலி பட்டென்று செத்துவிடும், காசின் ஒலி மெல்ல மங்கும். இந்த மாதிரி இடத்தில் 28 செ.மீ. காயில் பெரிது. ஒரே நேரத்தில் நாலு பொருளை மூடிக்கொண்டு ஒன்றையும் சொல்லாது. தனியாக விற்கும் சிறிய காயிலைச் சேர்த்து வாங்குவது இந்த ஊருக்கு ஆடம்பரமல்ல. சீமைக்கருவேலம் புதருக்கிடையே நுழைவதும் அதுதான்.

இங்கே என்ன கிடைக்கும் என்பதைப் பொறுத்து 12 கிலோஹெர்ட்ஸ் நல்ல சமரசம். 1835 முதல் 1906 வரை வந்த செப்புக் காலணா 6.5 கிராம். வெள்ளி ரூபாய் 11.66 கிராம், இவற்றை எந்தக் கருவியும் பிடிக்கும். 1943 தொடங்கி வந்த ஓட்டைக் காசும் வளையம் போன்ற வடிவத்தால் நன்றாகக் கேட்கும். சிக்கல் புதுக்கோட்டை அம்மன் காசில்: ஒரு கிராமைச் சற்றே தாண்டும் செப்புப் பொட்டு. தாழ்ந்த அலைவரிசைக் கருவிகள் இதைச் சட்டை செய்யாது. சிம்ப்ளெக்ஸ் மேல்மண்ணில் சொல்லும், கொஞ்சம் ஆழம் போனாலே விட்டுவிடும். அரை கிராம்கூட இல்லாத தங்கப் பணம் என்ற சிறுகாசைத் தேடித்தான் போகிறேன் என்பவர் இந்தக் கருவியையே வாங்க வேண்டாம். கடல் கடந்த வணிகத்தின் தடமாக மலாயாவின் சென்ட்டும் இலங்கைச் சென்ட்டும் இந்த ஊர்களில் புழங்கியிருக்கின்றன. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்ததால் அங்கிருந்து வந்தது பெரும்பாலும் நம் ரூபாயேதான். காசைப் பார்த்து ரங்கூன் பணம் என்று கதை கட்ட முடியாது.

போர்க்காலப் பொருள் என்றால் எல்லோர் கண்ணும் சிறுவயல், காளையார்கோயில் பக்கம் போகும். 1801இல் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து காளையார்கோயிலை நோக்கிக் காட்டை வெட்டிக்கொண்டு போன வழி அது. அந்தக் காலத்துக் கம்பெனிப் படையின் மஸ்கட் துப்பாக்கி ஈயக் குண்டு ஏறக்குறைய 17 மி.மீ. விட்டமும் 30 கிராமுக்குச் சற்று மேல் எடையும் கொண்டது. வெள்ளை மாவு படர்ந்த சாம்பல் உருண்டையாக இருக்கும். எண் நடுவில் வரும், ஒலி கனமாகவும் வட்டமாகவும் இருக்கும். பீரங்கிக் குண்டோ வார்ப்பிரும்பு. இரும்பை வடிகட்டினால் அதுவும் போச்சு. ஆனால் இதெல்லாம் கருவி என்ன சொல்லும் என்பதற்காகச் சொன்னதுதான். மருதிருவர் போரிட்ட நிலத்தைப் பொழுதுபோக்காகக் குத்திக் கிளறுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. எந்தக் குண்டு எந்த இடத்தில் எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு வந்தால் அது வெறும் ஈயம். கீழடியும் இதே சிவகங்கை மாவட்டம்தான் என்பது நினைவிருக்கட்டும். கருப்பு சிவப்புப் பானை ஓடோ முதுமக்கள் தாழியின் விளிம்போ கண்ணில் பட்டால், தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

சட்டம் பற்றிக் கருவியோடு வரும் கையேட்டில் ஒரு வரியும் இருக்காது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. நிலத்தில் மறைந்து கிடந்து எடுக்கப்பட்ட பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. சொந்தப் பட்டா நிலம் என்பதால் விலக்கு இல்லை. மறைத்தால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், கோயில் நிலம், கண்மாய், ஊருணி, பழைய விமான ஓடுதளம் இருக்கும் அரசு நிலம் எதிலும் அனுமதியில்லாமல் காயிலை இறக்கக் கூடாது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். சாவி வைத்திருப்பவர் சம்மதித்தால் போதாது. ஒரே வளவுக்குப் பத்திருபது பங்காளிகள் இருப்பார்கள், பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும். எல்லோரிடமும் எழுதி வாங்க முடியாவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

உண்மையில் இந்த ஊரில் கருவிக்கு நித்தியமும் வேலை இருப்பது தொலைந்த பொருளைத் தேடுவதில்தான். கொல்லையில் விழுந்த தோடு, வயலில் நழுவிய மெட்டி, கல்யாண வீட்டுப் பந்தலடியில் தவறிய மோதிரம். 12 கிலோஹெர்ட்ஸ் இதற்கு அருமை. ஒரு கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலப் பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி நடந்தால் போதும். மெல்லிய சங்கிலி மட்டும் ஏமாற்றும்: கருவி முழுச் சங்கிலியாகப் பார்க்காது, ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கும், கொக்கி அளவே ஒலி வரும்.

கருவியோடு சேர்த்து வாங்க வேண்டியது பின்பாயிண்டர்: குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவி. காயில் காட்டும் இடம் ஓர் உள்ளங்கை அகலம். செம்மண் அப்பி அதே நிறமாகிவிட்ட காசைக் கண்ணால் தேடினால் அரை மணி நேரம் ஓடிவிடும். தோண்டக் களைக்கொட்டு போதும், ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த மேட்டு மண் கடப்பாரைக்கும் மசியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இறங்குங்கள். ஒலி வந்த புள்ளியிலிருந்து நான்கு விரல் தள்ளிக் குத்தி, மண்ணைக் கட்டியாகப் பெயர்த்தெடுங்கள். நேராகக் குத்தினால் காசில் வடு விழும். எடுத்த காசைப் புளியிலும் சபீனாவிலும் தேய்த்தால் எழுத்தும் போகும், விலையும் போகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண்ணை மூங்கில் குச்சியால் நெம்புங்கள்.

குறைகள் என்று பார்த்தால், ஒற்றை அலைவரிசை என்பதால் மண்ணும் உப்பும் கலந்த இடத்தில் பல அலைவரிசைக் கருவிகளுக்கு இது ஈடாகாது. பம்ப்செட் ஸ்டார்ட்டர், உயர் அழுத்தக் கம்பி, சட்டைப் பையிலுள்ள கைபேசி ஆகியவை அருகில் இருந்தால் ஒலி குழம்பும். அலைவரிசையைச் சற்று நகர்த்தும் வசதி கருவியிலேயே உண்டு, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். பேட்டரி உள்ளேயே இருப்பதால் காட்டில் தீர்ந்தால் செல் மாற்ற முடியாது. பவர்பேங்க் கையில் இருக்கட்டும். காயில் மூடிக்குள் செம்மண் பொடி சேர்ந்தால் பொய் ஒலி வரும். திரும்பியதும் கழற்றிக் கழுவுங்கள். கேபிளைத் தண்டில் தளரவிட்டால் அதுவும் பொய் ஒலிதான்.

வாங்கும்போது வரிசை எண்ணையும் பில்லையும் சரிபார்த்து வாங்குங்கள். ஆன்டெனா இரண்டை நீட்டிக்கொண்டு ஐநூறு மீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று லட்சக்கணக்கில் விற்கப்படும் 'லாங் ரேஞ்ச்' கருவி எதுவும் வேலை செய்யாது. அதை விற்க வருபவரும், அரிசியை இழுக்கும் கலசம் என்று ஏமாற்றும் ரைஸ் புல்லிங் கும்பலும் ஒரே சரக்குதான். வெறுமனே பழைய காசு சேர்க்கும் ஆசை என்றால் டிடெக்டரே வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், கருவி விலையில் சிறு பங்குக்கே காலணா கிடைக்கும்.