கம்ப்யூட்டர் மாறும்போது எந்த லைசென்ஸ் கூட வரும், எது வராது

ஈரோட்டில் நான் வேலை பார்க்கும் வரி ஆலோசகர் ஆபீஸில் மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதும் அதில் நான்கை மாற்ற வேண்டி வந்தது, ஏனென்றால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்போ எட்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசசரோ அந்த நான்கில் இல்லை. புது மெஷின் வாங்கியது இரண்டு நாள் வேலை. ஃபைல்களை காப்பி எடுத்தது ஒரு ராத்திரி வேலை. லைசென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கத்தான் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

மென்பொருள் வாங்கும்போது நாம் விலையைப் பார்க்கிறோம், வசதியைப் பார்க்கிறோம், அதிகம் போனால் வருடா வருடம் கட்டணுமா ஒரே தடவையா என்று கேட்கிறோம். எனக்கு இப்போது அதெல்லாம் இரண்டாம்பட்சம். பழைய மெஷின் ஆன் ஆகவே இல்லை என்றால் இந்த லைசென்ஸை அதிலிருந்து கழற்ற முடியுமா? இதைத்தான் முதலில் கேட்கிறேன்.

இந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சம்பளக் கணக்குக்காக ஒரு சின்ன நிறுவனத்தின் மென்பொருள் வைத்திருந்தோம். ஒரு ஐப்பசி மழையில் இடி இறங்கி அந்த மெஷினின் மதர்போர்டு போய்விட்டது. பேக்கப் இருந்தது, புது மெஷினும் தயார். போன் போட்டால் அந்தப் பக்கம் இருந்த தம்பி, "அண்ணே, பழைய சிஸ்டத்தை ஆன் பண்ணி ரிலீஸ் கோடு எடுத்து அனுப்புங்க, உடனே போட்டுத் தர்றேன்" என்கிறார். "தம்பி, அது எரிஞ்சே போச்சு" என்றேன். அவர் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்த வழிமுறை அவ்வளவுதான். ஒன்பது நாள் அலைந்து, கடைசியில் பாதி விலை கட்டித் திரும்ப வாங்கினோம், அதற்குள் மூன்று கிளையண்டுகளுக்கு சம்பளப் பட்டியல் தாமதமாகிவிட்டது.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் விண்டோஸ். லேப்டாப்போடு வரும் விண்டோஸ் ஓஇஎம் வகை, அதாவது மெஷின் தயாரிக்கும் கம்பெனியே போட்டுத் தருவது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய கம்பெனி மெஷின்களில் அதன் கீ, அதாவது லைசென்ஸுக்கான எழுத்தும் எண்ணும் கலந்த கோடு, மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. இதில் ஒரு நிம்மதி உண்டு, அதே மெஷினில் ஹார்டு டிஸ்க்கை மாற்றி விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் கீ கேட்காமல் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் மெஷின் போனால் அதோடு விண்டோஸும் போனது, வேறு மெஷினுக்குக் கொண்டுபோக உரிமை கிடையாது. தனியாக வாங்கும் ரீடெய்ல் விண்டோஸ் அப்படி இல்லை. பழைய மெஷினிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், விலை கூடுதல்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்து வைத்திருந்தால், சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன் என்று ஆக்டிவேஷன் பக்கத்திலேயே சொல்லி, பழைய மெஷின் உயிரோடு இல்லாவிட்டாலும் கேட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

நம்மிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாமல்தான் பாதிப் பேர் இருக்கிறார்கள். தெரிந்துகொள்வது சுலபம். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு சாய்வுக்கோடு, ஒட்டியே டி-எல்-ஐ என்று அடித்தால் சின்னதாக ஒரு பெட்டி வரும். அதில் ஓஇஎம் என்றோ ரீடெய்ல் என்றோ வால்யூம் என்றோ எழுதியிருக்கும். புது மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரும் வகையான வால்யூம் என்று வந்து, உங்கள் நிறுவனம் மைக்ரோசாஃப்டோடு நேரடி ஒப்பந்தம் எதுவும் போடவில்லை என்றால், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய கீயாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாதிரி கீ பல நேரம் வேறு யாரோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த கீயின் கசிவுதான். இன்றைக்கு வேலை செய்யும், புது மெஷினில் போடும்போது செய்யாது, விற்ற ஆளின் கடைப்பக்கம் அதற்குள் காணாமல் போயிருக்கும். அதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. விண்டோஸ் 7 காலத்து ரீடெய்ல் கீயை பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த கீயை வைத்து 10-ஐயோ 11-ஐயோ ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

அசெம்பிள் டெஸ்க்டாப் வைத்து அவ்வப்போது போர்டு மாற்றுகிறவர்கள் ரீடெய்லுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். லேப்டாப்காரர்களுக்கு அது வீண், புது லேப்டாப்பில் எப்படியும் விண்டோஸ் வந்துவிடும்.

அடுத்து ஆபீஸ், எக்செல். இதில்தான் குழப்பம் ஜாஸ்தி. லேப்டாப் வாங்கும்போது "லைஃப்டைம் ஆபீஸ் இருக்கு சார்" என்று கடையில் சொல்வார்கள். அது உங்கள் லைஃப்டைம் இல்லை, அந்த லேப்டாப்பின் லைஃப்டைம். மெஷினோடு சேர்ந்து வந்த ஆபீஸை மெஷினோடு சேர்த்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம், தனியாகப் பிரித்துப் புது லேப்டாப்பில் போட உரிமை இல்லை. வாங்கும் நாளிலேயே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம், ஏனென்றால் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பலர் இரண்டு மாடல்களுக்கு நடுவே முடிவெடுக்கிறார்கள்.

தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ஆபீஸ், இப்போதைக்கு ஆபீஸ் 2024, புது மெஷினுக்கு வரும். இதற்கும் ஒரு பின்கதை உண்டு. 2013-இல் ஆபீஸ் 2013 வந்தபோது, கடையில் தனியாக வாங்கிய பிரதியும் முதலில் போட்ட மெஷினோடு கட்டுப்பட்டது என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது, அந்த மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. 90 நாளைக்கு ஒரு முறை உங்களுடைய வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம், ஹார்டுவேர் பழுதானால் அந்த 90 நாள்கூடப் பார்க்க வேண்டாம் என்று மாற்றினார்கள். மெஷின் செத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நிபந்தனையிலேயே பதில் எழுதி வைத்த இடம் அது, எல்லா நிறுவனங்களும் அப்படி எழுத வேண்டும்.

மூன்றாவது, வருடச் சந்தாவாக வரும் மைக்ரோசாஃப்ட் 365. மெஷின் மாற்றுவதை மட்டும் பார்த்தால் இதுதான் சுலபம், சந்தேகமே வேண்டாம். எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம், ஒரே நேரத்தில் ஐந்தில் சைன் இன் செய்திருக்கலாம், பழையது எரிந்துபோனால் இணையத்தில் நம் கணக்குக்குள் போய் அதை வெளியேற்றிவிடலாம். கட்டாமல் விட்டால் ஃபைலைப் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், அந்த மெஷினில் திருத்த முடியாது. மார்ச் மாதக் கடைசியில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று வரி ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே தடவை வாங்கும் வகையிலும் காலக்கெடு இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கணும்: ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில் முடிந்தது, 2021-க்கு 2026 அக்டோபர் 13, 2024-க்கு 2029 அக்டோபர். அதாவது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வாங்கும் சந்தா என்றே கணக்குப் போடலாம், தேதி தாண்டினாலும் ஃபைலைத் திருத்த விடும் என்பதுதான் வித்தியாசம்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் வைத்தால் இந்தப் பேச்சே கிடையாது. கீ இல்லை, கணக்கு இல்லை, பழைய மெஷினில் எதையும் கழற்ற வேண்டாம், புதியதில் இறக்கிப் போட்டால் முடிந்தது. கடிதம், சாதாரணப் பட்டியல், பிடிஎஃப் எல்லாம் தாராளமாக நடக்கும். வீட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் ஆபீஸ் முழுக்க இதற்கு மாற முடியாததற்கு ஒரே காரணம் மேக்ரோ, அதாவது எக்செல் ஃபைலுக்குள்ளேயே தானாக வேலை செய்யும் சின்ன ப்ரோக்ராம். வருமான வரித் துறை தரும் எக்செல் படிவங்கள் உள்ளே மேக்ரோ வைத்தவை, அவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் எக்செல்தான் வேண்டும். அதனால் ஆறு மெஷினில் மூன்றில் மட்டும் எக்செல், மற்ற மூன்றில் லிப்ரே ஆபீஸ்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி வேறு ஒரு வழியில் போகிறது. அதற்கு சரண்டர் என்று பெயர். பழைய மெஷினில் டேலிக்குள்ளேயே லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, புது மெஷினில் சீரியல் நம்பரையும் பதிவு செய்த மெயில் ஐடியையும் கொடுத்தால் வேலை முடிந்தது. சரண்டர் செய்யாமலே ஃபார்மட் அடித்துவிட்டாலோ மெஷின் போய்விட்டாலோ டேலி கணக்குக்குள் நுழைந்து ரீசெட் கேட்கலாம். வழி இருக்கிறது, அது முழுக்கத் தொங்குவது அந்த மெயில் ஐடியில். எத்தனையோ கடைகளில் அது, டேலி போட்டுக் கொடுத்த ஆளின் மெயிலாகவோ மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுப் போன அக்கவுன்டன்ட்டின் மெயிலாகவோ இருக்கிறது. லைசென்ஸ் ஏறும்வரை, லைசென்ஸ் இல்லாமல் பழகிப் பார்க்கத் தரும் எஜுகேஷனல் மோடில் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், அதில் மாதத்தின் ஒரு சில தேதிகளுக்குத்தான் என்ட்ரி போட முடியும். இதைப் படிக்கும் கடைக்காரர்கள் இன்றைக்கே டேலியைத் திறந்து யார் மெயில் இருக்கிறது என்று பாருங்கள், வேறு ஆளின் மெயிலாக இருந்தால் அவர் போன் எடுக்கிற காலத்திலேயே மாற்றிவிடுங்கள்.

டிசைன் செய்கிறவர்கள் அடோபியில் இருப்பார்கள். அதில் சந்தா ஒன்றுக்கு இரண்டு மெஷின், மூன்றாவதில் நுழைந்தால் பழையதை வெளியேற்றட்டுமா என்று அதுவே கேட்கும். செத்த மெஷின் பிரச்சினை அங்கே இல்லை. ஆனால் நம்மூர் டிடிபி சென்டர்களில் இன்னமும் அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7 ஓடுகிறதே, 2001-இல் வந்தது, அது ஏன் இத்தனை மெஷின் தாண்டியும் கூட வருகிறது? வெறும் சீரியல் நம்பர், எந்த சர்வரிடமும் அனுமதி கேட்காது. அதற்குப் பின்னால் 2005-இல் வந்த அடோபியின் டிசைன் தொகுப்பான கிரியேட்டிவ் சூட் 2 சர்வரைக் கேட்கும் ஆக்டிவேஷனோடு வந்தது, அந்த சர்வரை 2013 வாக்கில் அடோபி நிறுத்தியது. நிறுத்தும்போது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஆக்டிவேஷன் கேட்காத பிரதியையும் சீரியல் நம்பரையும் கொடுத்தார்கள். கையைக் கழுவாமல் செய்த மரியாதையான காரியம் அது. சின்ன நிறுவனம் ஒன்று மூடிப்போகும்போது அப்படிச் செய்ய ஆளே இருக்காது, அதனால் சர்வரைக் கேட்கும் எந்த மென்பொருளையும் வாங்குமுன் அந்த நிறுவனம் பத்து வருடம் இருக்குமா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

கடைசியாக டாங்கிள், லைசென்ஸைத் தனக்குள் வைத்துக்கொண்டு மெஷினில் சொருகும் சின்னக் கருவி, சிலர் ஹார்டுவேர் லாக் என்பார்கள். பழைய ஆள் என்று ஒதுக்கிவிடுகிறோம், என் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது அதுதான். மெஷின் எரிந்தால் டாங்கிளைப் பிடுங்கி அடுத்ததில் சொருகலாம், யாருக்கும் போன் போட வேண்டாம். எங்கள் ஆபீஸில் டிஜிட்டல் கையெழுத்துக்கு வைத்திருக்கும் டோக்கனும் இதே மாதிரிதான், நான்கு மெஷின் மாற்றியதில் முதல் நாளே வேலை செய்தது அது ஒன்றுதான், டிரைவர் போட்டதோடு சரி. தொலைந்தால் போச்சு என்பது உண்மை. போர்ட் மாறினாலும் கஷ்டம். பழைய பிரிண்டர் போர்ட்டில் சொருகும் லாக்கோடு வாங்கிய மென்பொருளுக்காக, அந்த போர்ட் உள்ள பழைய மெஷினை ஓரமாக வைத்துக் காப்பாற்றும் அச்சகங்கள் உண்டு.

என் வரிசை இதுதான்: கீயே இல்லாதது முதலில், அடுத்து டாங்கிளும் வெறும் சீரியல் நம்பரும், அதற்கடுத்து நம் பெயரில் உள்ள கணக்கில் ஏறும் சந்தா அல்லது ரீடெய்ல், அப்புறம் சரண்டர் வகை. மெஷினோடு ஒட்டியது அதற்கும் கீழே. பழைய மெஷினிலிருந்து மட்டுமே கோடு எடுக்க முடியும் என்பதை இனி எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கப் போவதில்லை.

மாற்றிய நான்கு பழைய மெஷினில் மூன்று ஃபார்மட் ஆகி எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டன. நான்காவது இன்னும் என் மேஜைக்கடியில் இருக்கிறது. அதில் உள்ள, பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரிக்கான டிடிஎஸ் மென்பொருளின் பழைய பதிப்புக்கு ரிலீஸ் கோடு கேட்டு மெயில் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. வரும்வரை தினமும் காலையில் ஒரு முறை ஆன் செய்து, ஆகிறதா என்று பார்த்துவிட்டு அணைக்கிறேன்.