பழைய காருக்கு எந்தக் காப்புறுதி: மூன்றாம் தரப்பா, முழுமையானதா?

ஆண்டுதோறும் வாகனத்துக்குப் பெறும் வருமான அனுமதிப்பத்திரத்தை எடுக்க இரண்டில் எதுவும் போதும் என்பதால், ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பழைய கார் வைத்திருப்போர் பலர் தடுமாறுகின்றனர்.

கட்டணம்: மூன்றாம் தரப்புக்கு மிகக் குறைவு, முழுமையானதற்குப் பல மடங்கு.

சேதம்: முன்னதில் அடுத்தவருக்கு நேரும் இழப்பு மட்டுமே ஈடுசெய்யப்படும். பின்னதில், பனிமூட்டத்தில் ரம்பொடை வளைவில் மதிலோடு உரசிய நமது கதவும் அடங்கும். ஆனால் மண்சரிவைப் பெரும்பாலும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும், இந்த மலையில் அதை விட்டுவிட்டு எடுப்பது வீண்செலவு என்பேன்.

பெறுமதி: 2020இல் வந்த வாகன இறக்குமதித் தடைக்குப் பின் பழைய கார்களின் விலையும் ஏறியிருக்க, முன்பு வாங்கிய விலையையே காரின் பெறுமதியாக எழுதிக் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைத்தால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறையக்கூடும்.

டவுனுக்கு எப்போதாவது போய்வரும் காருக்கு மூன்றாம் தரப்பு போதும். தினமும் மலைப்பாதையில் ஓடி, திருத்தச் செலவைக் கைக்காசில் தாங்க முடியாதவருக்கு முழுமையானதே பொருந்தும்.