எச்சரிக்கை: புல் விரிப்பதற்கு முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

வீட்டைச் சுற்றிப் புல்தரை, நடைபாதை, செடி எல்லாம் அமைத்துத் தருகிறோம் என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். வீடு கட்டி முடித்த கையோடு தோட்ட வேலையை மொத்தமாக ஒரு ஒப்பந்தக்காரரிடம் விட்டோம். கட்டட இடிபாடுகளை அள்ளிவிட்டு, அரை அடி உயரத்துக்குச் செம்மண்ணும் தொழு உரமும் போட்டு, அதன் மேல் கொரியன் புல் பதிப்பதாகப் பேச்சு. குப்பை அகற்ற ஒரு தொகை, செம்மண் 6 யூனிட்டுக்கு ஒரு தொகை என்று பில் தனித்தனியாகவே வந்தது. வேலை முடிந்த அன்று பார்க்க அவ்வளவு பச்சையாக, அழகாக இருந்தது.

முதல் மழையிலேயே புல்தரை அங்கங்கே உள்வாங்கியது. வெயில் வந்ததும் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. செம்பருத்தி வைக்கலாம் என்று கடப்பாரையைப் போட்டால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்கவில்லை. மண்ணை விலக்கிப் பார்த்தேன். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, அறுந்த வயர் குழாய், நடுவில் நீல நிற டைல்ஸ் சில்லு. அது எங்கள் குளியலறை டைல்ஸ். அள்ளிக்கொண்டு போனதாகப் பணம் வாங்கிய குப்பை வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. அதையே நிரவி, மேலே ஒப்புக்குச் செம்மண் தூவி, புல்லை விரித்து மூடிவிட்டார்கள். வேர் எங்கே இறங்கும்?

யூனிட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எங்கள் புல்தரை 600 சதுர அடி. அரை அடி உயரம் என்றால் 300 கன அடி, அதாவது 3 யூனிட். மண் அமுங்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம், சரி. 6 யூனிட் எதற்கு? வண்டி வந்ததும் மண்ணைக் கொட்டுவதற்கு முன் உள்பக்க நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வந்த அந்தக் கொஞ்ச மண்ணும் சலிக்காத மண். கோரைக்கிழங்கு அதோடு வந்து, இப்போது புல்லைவிட கோரைதான் செழிப்பாக நிற்கிறது. மேலே பிடுங்கினால் போகாது, கிழங்கு உள்ளே இருக்கும் வரை முளைத்துக்கொண்டே இருக்கும்.

நடைபாதையிலும் இதே கதைதான். பேவர் பிளாக் போடுவதற்கு முன் ஜல்லிக் கலவை பரப்பி, மெஷினால் நன்றாக இடித்து இறுக்கி, அதன் மேல் மணல் போட வேண்டும். ஓரத்தில் கல் நகராமல் கான்கிரீட்டில் கட்டு கொடுக்க வேண்டும். இங்கே ஜல்லியும் இல்லை, ஓரக்கட்டும் இல்லை. கற்கள் ஏறி இறங்கி, மாமியார் தடுக்கி விழப் பார்த்தார். தண்ணீர் வடியும் வாட்டமும் (சரிவு) வீட்டுச் சுவரை நோக்கி. மழைநீர் சேகரிப்புக் குழியின் மூடியையே கல்லால் மூடி வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாக இருக்கிற ஒன்று அது! அப்போது வேலை பார்த்த பையனை அழைத்துக் கேட்டேன். "எங்களுக்குச் சொன்னதைச் செஞ்சோம் அக்கா" என்றான். அவனைக் கோபித்து என்ன பயன்?

மதில் ஓரம் நட்டது கோனோகார்ப்பஸ். "சீக்கிரம் வளரும் மேடம், பராமரிப்பே வேண்டாம்" என்றார் ஒப்பந்தக்காரர். தமிழக அரசு 2025 ஜனவரியில் தடை விதித்த மரம் இது. வேர் குழாயையும் சாக்கடையையும் பதம் பார்க்கும். எந்தச் செடி என்று பெயர் எழுதி வாங்காமல் நடவிடாதீர்கள்.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காதீர்கள். குப்பை வெளியே போனதைப் பார்த்து ஒரு பங்கு, மண் பரப்பியதும் நாலைந்து இடத்தில் குழி தோண்டி ஆழம் பார்த்து ஒரு பங்கு, தண்ணீர் ஊற்றி வாட்டம் சரியா என்று பார்த்து ஒரு பங்கு. கடைசிப் பங்கை ஒரு மழை தாண்டும் வரை நிறுத்தி வையுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் வேண்டவே வேண்டாம். பூமி திறந்து கிடக்கும் அந்த நாட்களில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். புல் விரித்த பிறகு எதையும் பார்க்க முடியாது.

எங்கள் ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். பில், வாட்ஸ்அப் பேச்சு, தோண்டி எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இதே பகுதியில் இப்படி ஏமாந்தவர்கள் இருந்தால், பில்லைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.