பழைய ஜிப்சியா, பழைய தாரா? வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒரு பார்வை

என் மச்சானுக்கு நாற்பது வயதில் ஜீப் ஆசை பிடித்துக்கொண்டது. புது வண்டிக்குக் கை நீளவில்லை, அதனால் பழையது. ஒரு கண் மாருதி ஜிப்சி மேல். இன்னொரு கண் மஹிந்திராவின் முதல் தலைமுறை தார் மேல், அதாவது 2010 முதல் 2020 வரை வந்தது. எது மேட்டில் ஏறும், எது சேற்றில் சிக்காது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருந்தான். என்னிடம் வந்தபோது நான் கேட்டது ஒன்றுதான்: "பின்னாடி யாரை உட்கார வைக்கப் போறே?"

மேலே ஏறுவதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டு வண்டிகளும் எங்கே காலை வாரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் இரண்டிலும் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் இரண்டிலும் கிடையாது. ஏபிஎஸ், அதாவது பலமாக பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி, ஜிப்சியில் கடைசி வரை வரவில்லை. தாரிலும் 2019-ல் சட்டம் கட்டாயமாக்கிய பிறகு வந்த கடைசி வண்டிகளில்தான் உண்டு. 1985-ல் வந்த ஜிப்சியைப் புதிய விதிகளுக்கு ஏற்ப மாற்ற மாருதி மெனக்கெடவில்லை. 2018 முடிவோடு பொதுமக்களுக்கான முன்பதிவை நிறுத்திவிட்டு, ராணுவத்துக்கு மட்டும் செய்து கொடுத்தது. இன்னொரு விஷயம், பழைய தார் விற்கிற சிலர் "நாலு ஸ்டார் வண்டி சார்" என்பார்கள். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2020 நவம்பரில் கொடுத்த அந்த நான்கு நட்சத்திரம் அந்த ஆண்டு அக்டோபரில் வந்த புதிய தாருக்கு. பெயர் ஒன்றுதான், வண்டி வேறு. பழையதற்கு அந்த நட்சத்திரத்தில் ஒரு முனைகூடச் சேராது.

சரி, கவிழ்வதைப் பற்றிப் பேசலாம். ஜீப் என்றாலே எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம் அது.

ஜிப்சி, உலகம் முழுக்க ஓடிய சுசுகி எஸ்ஜே குடும்பத்து வண்டி. அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்றது இதன் குட்டைத் தம்பி. 1988-ல் அந்த ஊர் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, திடீரென ஒடித்துத் திருப்பினால் சாமுராய் கவிழப் பார்க்கிறது, இது ஏற்கத்தக்க வண்டி அல்ல என்று எழுதியது. சோதனையையே ஜோடித்துவிட்டார்கள் என்று சுசுகி 1996-ல் வழக்குப் போட்டது. 2004-ல் பணம் எதுவும் கைமாறாமல் சமரசமானது. யார் சொன்னது சரி என்று இன்றும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். நம் ஜிப்சியின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) 2375 மி.மீ., சாமுராயைவிட ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக நீளம், அதனால் அந்தப் பழி அப்படியே இதற்குப் பொருந்தாது. ஆனால் உடம்பு ஒல்லி. அகலம் 1540 மி.மீ. மட்டும், உயரமோ ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். 90-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஜிப்சியில் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் இன்னும் குறைவு. பிறகு 90 மி.மீ. கூட்டினார்கள். பழையதை 'நேரோ டிராக்' என்றும் பிந்தையதை 'வைடு டிராக்' என்றும் சொல்வார்கள். வாங்குவதென்றால் வைடு டிராக்கையே தேடுங்கள்.

தார் 1726 மி.மீ. அகலம், எடையும் கணிசமாக அதிகம், முன்பக்கம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், அதாவது முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புக் கம்பி. நெடுஞ்சாலையில் ஜிப்சியைவிட எவ்வளவோ நிதானம். ஆனால் இங்கேதான் ஒரு சூட்சுமம். 2.5 லிட்டர் சிஆர்டிஇ டீசல் எஞ்சின், 105 பிஎச்பி, 247 என்எம் டார்க். நூறைத் தொடுவது தெரியவே தெரியாது. பின்னால் டிரம் பிரேக், லீஃப் ஸ்பிரிங் பட்டை. ஓடுவது கார் வேகம், நிற்பது ஜீப் வேகம். ஜிப்சி எண்பதைத் தாண்டும்போது ஆட்டம், சத்தம், காற்று என்று எல்லாம் சேர்ந்து ஓட்டுபவரின் காலைத் தானாக மேலே தூக்கிவிடும். தாருக்கு அந்தப் பயமுறுத்தும் குணம் கிடையாது. எனக்கு அதுதான் பயம்.

இரண்டையும் கவிழ வைப்பதில் உரிமையாளரின் பங்கும் உண்டு. இரண்டு அங்குலம் தூக்கலாம், மூன்று அங்குலம் தூக்கலாம் என்று லிஃப்ட் கிட் போடுகிறார்கள். வண்டியின் நிலைத்தன்மைக்கான கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. சாதாரணக் காருக்கு 1.3-லிருந்து 1.5 வரை வரும், உயரமான வண்டிகளுக்கு அதற்குக் கீழே. வண்டியைத் தூக்கத் தூக்க அந்த எண் இறங்கும். மேலே கேரியர், அதன்மேல் கூடாரம், இரண்டு கேன் தண்ணீர் என்று ஏற்றினால் இன்னும் இறங்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் கணக்கு உடம்பிலேயே தெரியும்.

தாரில் லிஃப்ட் கிட் வாங்கக் காசில்லாதவர்கள் இன்னொன்று செய்வார்கள். டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்திவிடுவார்கள். செலவே இல்லை. ஆனால் டிரைவ் ஷாஃப்ட் கோணல் கூடி சிவி ஜாயின்ட் சீக்கிரம் தேயும், பால் ஜாயின்ட்டும் கூடவே போகும். முன்பக்கம் தூக்கலாக நிற்கும் பழைய தாரைப் பார்த்தால் "கம்பீரமா இருக்கே" என்று மயங்க வேண்டாம். ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஜிப்சியின் முன் அச்சு ஒரே கட்டையானது. அதன் பிரபலமான வியாதி, அறுபது எழுபதில் ஸ்டீயரிங் கைக்குள் படபடவென ஆடுவது. வீல் பேலன்ஸ் செய்துவிட்டால் போய்விடும் என்பார் விற்பவர். சில சமயம் போகும். பெரும்பாலும் கிங்பின் பேரிங், டை ராடு எண்ட், ஸ்பிரிங் புஷ் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்மானம் சேர்ந்து வருகிற ஆட்டம் அது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய டயர் போட்ட ஜிப்சியில் இது இன்னும் மோசம்.

பின் அச்சின் ஆயில் சீல் போய், கியர் ஆயில் டிரம்முக்குள் கசிந்து லைனிங்கை நனைப்பது இந்த வகை வண்டிகளில் வழக்கமாக வருகிற வில்லங்கம். பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம், அல்லது விலையை நன்றாகவே பேசலாம்.

தாரில் பிரேக் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. டீசல் எஞ்சினில், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குத் தனி வாக்குவம் பம்ப் வேண்டும். எஞ்சினை அணைத்தால் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே போகும். டீசல் மிச்சம் என்று மலை இறக்கத்தில் சாவியைத் திருப்பி உருட்டிக்கொண்டு வருகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். அவர்கள் எந்த வண்டியும் வாங்கக் கூடாது, சைக்கிள் உட்பட.

இன்னொரு தவறும் இரண்டுக்கும் பொது. மழை பெய்தால் தார்ச்சாலையிலேயே நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிடுவது. முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் இரண்டிலும் இல்லை. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், இங்கே அதற்கு வழியில்லை. ஸ்டீயரிங் கல்லாகிவிடும், வண்டி திரும்ப அடம்பிடிக்கும். மண், சேறு, தளர்ந்த ஜல்லி, இவற்றுக்கு மட்டும்தான் அது.

இப்போது துரு. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பட்டறைக்கு மச்சானோடு போயிருந்தேன். புதிதாக பெயிண்ட் அடித்த வண்டி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், இரண்டுக்கும் இது நடக்கும். மேலே மாசு மருவில்லை. மெக்கானிக் அண்ணன் அட்டையை விரித்து அடியில் படுத்தார், என்னையும் கூப்பிட்டார். சேஸிஸ் முழுக்க பளபளவென்று கறுப்பு பெயிண்ட். பின் ஸ்பிரிங் ஷாக்கிள் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். டங் என்று சத்தம் வரவேண்டிய இடத்தில் அப்பளம் உடைகிற சத்தம். ஸ்க்ரூடிரைவர் பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. பெயிண்ட் தோல், அதன் கீழே பட்டி, அதன் கீழே தேயிலைத்தூள் மாதிரி செந்துரு கொட்டியது. "கலரு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி," என்றார், அவ்வளவுதான்.

ஜிப்சியில் கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி, கால் வைக்கும் தரை, பாடி மவுண்ட். தாரில் கதவு கீல், ஹூட் தண்ணீர் இறங்கும் மூலைகள், பின் தரை. முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. தாரின் துணிக்கூரை ஒழுகும் என்பது ஏறக்குறைய எல்லா உரிமையாளரும் சொல்கிற புகார். நனைவதோடு அது முடிவதில்லை, அந்தத் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் தங்குகிறது. கடற்கரை மணலில் விளையாடிய வண்டி என்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம்.

பட்டறையில் மூன்றாவதாக, மஹிந்திராவின் பழைய ஜீப்பான எம்எம் 540-ம் ஒன்று நின்றது, ராணுவ ஏலத்தில் எடுத்ததாம். இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களில் அதன் உறவுக்கார ஜீப்புகள் இன்னும் உயிரோடு உழைக்கின்றன. நான்கும் டிரம், ஓடையில் இறங்கி ஏறினால் காயும் வரை பிரேக் பிடிக்காது. எஞ்சின் வேகமே எடுக்காது என்பதுதான் அதன் ஒரே பாதுகாப்பு. தினமும் ஓட்ட அல்ல.

பேப்பர் விஷயத்தில் தார்தான் கூடுதல் தலைவலி. டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து மலிவாக வர ஆரம்பித்தது. என்ஓசி என்கிற ஆட்சேபணை இல்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எல்லாம் கூட்டினால் மலிவு கரைந்துவிடும். ஜிப்சியில் வேறு வம்பு, டீசல் எஞ்சின் ஏற்றியவை நிறைய. ஆர்சியில் பெட்ரோல் என்றிருக்கும், உள்ளே டீசல் உறுமும், முன்பக்கம் கனத்துப்போய் பிரேக்கும் ஸ்பிரிங்கும் திணறும். கம்பெனி செய்த அடிப்படை வடிவத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான்.

எது வாங்கலாம்? தோட்டம், காடு, பத்து கிலோமீட்டர் மண்பாதை, ஓட்டுபவரும் பக்கத்தில் ஒருவரும் என்றால் வைடு டிராக் ஜிப்சி, அதிலும் 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின் உள்ளது. டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை, எளிய எந்திரம், ஊர் மெக்கானிக்குக்கே கை படிந்தது. கோவையிலிருந்து சென்னை போய்வர வேண்டும் என்றால் 2015-க்குப் பிந்தைய தார், கிடைத்தால் ஏபிஎஸ் வந்த கடைசி வண்டி. குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து ஊர் சுற்ற வேண்டும் என்றால் இரண்டும் வேண்டாம்.

காரணம் அந்தப் பக்கவாட்டு இருக்கை. எதிரெதிரே பெஞ்சு மாதிரி இரண்டு, சாலைக்கு முதுகைக் காட்டாமல் தோளைக் காட்டி உட்கார வேண்டும். முன்னால் மோதினால் உடம்பு பக்கவாட்டில் பறக்கும். பிடிக்க முன்சீட்டின் முதுகோ இரும்புக் கம்பியோதான். புதிய தாரிலும் இந்த வகை இருக்கையோடு வந்ததைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். துருவும் ஆட்டமும் காசு கொடுத்தால் தீரும். இது வடிவத்திலேயே உள்ள குறை.

மச்சான் கடைசியில் ஒரு 2016 தாரை எடுத்தான். மூன்று பட்டறை ஏறி இறங்கி, அடியில் படுத்துப் படுத்து எனக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். முதல் வாரமே பின் இருக்கை இரண்டையும் போல்ட் கழற்றி எடுக்க வைத்தேன். ஆர்சியில் இருக்கை எண்ணிக்கை அப்படியே இருப்பதால் எஃப்சிக்கு முன்னால் மறுபடி மாட்டியாக வேண்டும். அதுவரை அவை வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. மாமியார் அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார்.