உயிரியல் வயது சொல்லும் ரத்தப் பரிசோதனை கிட்: மூன்று முறை எடுத்துப் பார்த்த அனுபவம்

ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே விரலில் குத்தி, பத்து நிமிட இடைவெளியில் இரண்டு அட்டைகளில் ரத்தத் துளி வைத்து அனுப்பினேன். ஒன்று என் பெயரில், இன்னொன்று வேறு மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில். ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. முதல் அட்டைப்படி என் 'உயிரியல் வயது', அதாவது பிறந்த தேதியை வைத்து அல்லாமல் உடம்பின் நிலையை வைத்துக் கணிக்கும் வயது, 47, இரண்டாவது அட்டைப்படி 52. எனக்கு நிஜத்தில் 44 வயது. பத்து நிமிடத்தில் ஐந்து வயது கூடியிருக்க வாய்ப்பில்லை, அதனால்தான் இந்த ரிவ்யூவை எழுத உட்கார்ந்தேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகை கிட் விற்கும் பலரும் ஏறக்குறைய ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள், நான் சொல்வதில் பாதிக்கு மேல் மற்ற கிட்டுகளுக்கும் பொருந்தும்.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு முடக்குவாதம், நோயெதிர்ப்பு செல்கள் சொந்த மூட்டுகளையே தாக்கி வீங்கவைக்கும் நோய். ஆறு வருடம் முன்பு உறுதியானபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "இது நம்ம ரத்தத்துலயே இருக்குடா, உனக்கும் வரும்." அன்று மருத்துவர் அதை மறுத்தார். அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 15 சதவீதம்தான், மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் அவ்வளவுதான் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா?" என்று கேட்டார். இந்த நோய்க்கு வழிவிடும் ஒரு மரபணு வகை உடம்பில் இருந்து, அதோடு புகையும் சேர்ந்தால் இரண்டின் ஆபத்தும் வெறுமனே கூட்டலாகச் சேர்வதில்லை, அதைவிட அதிகமாகப் பெருகுகிறது என்று விளக்கினார். அந்த வாரமே நிறுத்தினேன். ஆனால் பதினொரு வருடமாக இரவு ஷிஃப்ட் என்பது மாறவில்லை. என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எண்ணில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த கிட்டை வாங்கினேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குத்தும் ஊசி மூன்று, ரத்தம் வைக்க ஒரு அட்டை, பஞ்சு, உறை, விளக்கத் தாள். தாள் தெளிவாக இருந்தது, வலி பெரிதில்லை. கை குளிர்ந்திருந்தால் துளி வராது, வெந்நீரில் கழுவிவிட்டுக் குத்துங்கள் என்று எழுதியிருந்தது, அது நிஜமாகவே உதவியது.

சரி, அந்த எண் எப்படி வருகிறது? நம் டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே குவானின் வருகிற இடங்கள் சுமார் 2.8 கோடி இருக்கின்றன. அந்த சைட்டோசின்மேல் மெத்தில் என்ற சின்ன மூலக்கூறுத் துண்டு ஒட்டிக்கொள்ளும், சில இடங்களில் விலகும். எழுத்து மாறாது, ஆனால் அந்த மரபணுவை செல் எவ்வளவு படிக்கிறது என்பது மாறலாம். மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் அடர்ந்தால் பொதுவாக அது அடங்கிப்போகும். ஆய்வகத்தில் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள், மெத்தில் ஒட்டாத சைட்டோசின் மட்டும் வேறு எழுத்தாக மாறிவிடும், ஒட்டியது அப்படியே நிற்கும். அந்த வித்தியாசத்தை ஒரு சிப் பல லட்சம் இடங்களில் படித்துவிடும். ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் 2013இல் இதில் 353 இடங்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றை மட்டும் வைத்து ஒருவரின் வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார். பாதி மாதிரிகளில் பிழை 3.6 ஆண்டுக்குள் இருந்தது. உண்மையிலேயே வியக்கவைக்கும் வேலை அது. இப்படி மெத்திலை வைத்து வயதைக் கணிக்கும் கணக்கீட்டைத்தான் 'கடிகாரம்' என்கிறார்கள். அதற்குப் பிறகு வயதை மட்டும் கணிக்காமல் நோய், மரண ஆபத்து ஆகியவற்றோடு பொருந்தும்படி வேறு கடிகாரங்களும் வந்தன.

ஆனால் ஆயிரக்கணக்கான பேரின் சராசரியைப் பேசுவதற்கு நன்றாக வேலை செய்கிற ஒரு கருவி, ஒற்றை ஆளின் ஒற்றைத் துளி ரத்தத்துக்கும் அதே துல்லியத்தோடு பேசும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை சிப்பில் ஓட்டிப் பார்த்தார்கள், புகழ்பெற்ற கடிகாரங்களிலேயே 9 ஆண்டுகள் வரை வித்தியாசம் வந்தது. ஆளும் மாறவில்லை, ரத்தமும் மாறவில்லை, அளவிடும்போது ஏற்படும் சலசலப்புதான் அவ்வளவும். அதே ஆய்வுக் குழு, தனித்தனி இடங்களைப் பார்க்காமல் பல இடங்களின் பொதுப் போக்கை எடுத்துக் கணக்கிட்டு அந்தச் சலசலப்பைப் பெருமளவு குறைத்தும் காட்டியது. ஆக என் 47க்கும் 52க்கும் நடுவே இருக்கும் ஐந்து, எனக்கு ரகசியம் எதையும் சொல்லவில்லை. அது கருவியின் தடுமாற்றம்.

இதை ரிப்போர்ட் சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தாறு பக்கத்தில் பிழை எல்லை பற்றி ஒரு வரி இல்லை. தசமப் புள்ளியோடு ஒற்றை எண், பெரிய எழுத்தில். எட்டு மாதம் கழித்து மூன்றாவது கிட் அனுப்பினேன், 46 என்று வந்தது. உடனே ஆப் திரையில் காகிதப் பூக்கள் தூவி, "வாழ்த்துகள், நீங்கள் 6 ஆண்டுகள் இளமையாகிவிட்டீர்கள்" என்றது. அந்த இரண்டாவது கணக்கோடு ஒப்பிட்டுத்தான் அந்த 6. என் பெயரில் இருக்கும் கணக்கோடு ஒப்பிட்டிருந்தால் 1. நோயைப் பற்றிப் பயந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் இப்படிச் சொல்வது தவறு. அவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தலாம், அல்லது எண் எதிர்ப்பக்கம் போனால் பல இரவுகள் தூங்காமல் கிடக்கலாம்.

இன்னொன்று. 2 ஆண்டுகள் கலோரியைக் குறைத்துச் சாப்பிடவைத்த கேலரி என்ற பரிசோதனையில் 220 பேர் கலந்துகொண்டார்கள். 2023இல் வந்த முடிவின்படி, மூப்பின் வேகத்தை அளக்கும் கடிகாரம் 2 முதல் 3 சதவீதம் மெதுவானது, உயிரியல் வயதைச் சொல்லும் மற்ற கடிகாரங்களில் மாற்றமே தெரியவில்லை. கண்காணிப்போடு இரண்டு ஆண்டுகள் பாடுபட்டவர்களுக்கே இவ்வளவுதான் என்னும்போது, சில மாதத்தில் பல வயது குறைப்போம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.

இப்போது நல்ல பக்கம். நிஜமாகவே நல்ல ஒரு பக்கம் இருக்கிறது, இருபத்திரண்டாம் பக்கம். அதில் புகையின் தடம் பற்றிய அளவு வருகிறது. ஏஹெச்ஆர்ஆர் என்ற மரபணுவில் ஓரிடத்தில், புகைப்பவர்களுக்கு மெத்தில் தெளிவாகக் குறைகிறது, ரத்தத்தைப் பார்த்தே புகைப்பவரா என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு அழுத்தமான தடம். 2016இல் ஏறக்குறைய 16,000 பேரின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வில், புகையால் மாறிய இடங்களில் பெரும்பாலானவை நிறுத்திய 5 ஆண்டுக்குள் புகைக்காதவர்களின் நிலைக்குத் திரும்பியிருந்தன, சில இடங்கள் மட்டும் 30 ஆண்டு கழித்தும் திரும்பவில்லை. என் மூன்று ரிப்போர்ட்டிலும் இந்த அளவு ஒன்றுபோலவே இருந்தது, புகைக்காதவர்களின் வரம்பை ஒட்டி, முழுதாக உள்ளே வராமல். நிறுத்தி ஆறு வருடம். அந்தக் கோட்டைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. உடம்பு திரும்பி வருகிறது, முழுதாக இல்லை, ஆனால் வருகிறது.

அழற்சிப் பகுதிக்கு வருகிறேன், அதாவது தொற்றுக்கோ காயத்துக்கோ எதிராக உடம்பு காட்டும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினை. அதே அட்டையிலிருந்து சிஆர்பி என்ற புரதத்தையும் அளக்கிறார்கள். உடம்பில் எங்காவது நோயெதிர்ப்பு செல்கள் கிளர்ந்தால் ஐஎல்-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் சிஆர்பியை உற்பத்தி செய்யும். 1930இலேயே கண்டுபிடித்த புரதம் இது, எந்த ஆய்வகத்திலும் செய்யக்கூடிய எளிய சோதனை. இதய நோய் ஆபத்தைப் பொறுத்தவரை லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று பிரிப்பார்கள். 10ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் தற்போதைய தொற்றாகவோ காயமாகவோ இருக்கும், ஆறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு 3.8. ரிப்போர்ட் உடனே 'நாட்பட்ட அழற்சி' என்று சிவப்பில் போட்டுவிட்டது. ஆனால் சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, பல் வலியா, முந்தின நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்தீர்களா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அப்போது ஈறு வீங்கி இருந்தது. ஈறு நோயே சிஆர்பியை ஏற்றும் என்பது எனக்குப் பல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. சில வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால்தான் நாட்பட்டதா இல்லையா என்று சொல்ல முடியும்.

அதற்காக அந்த எண்ணை ஒதுக்கிவிடவும் கூடாது. மாரடைப்பு வந்து மீண்ட, சிஆர்பி 2க்கு மேல் இருந்த 10,061 பேரிடம் கான்டோஸ் என்ற பரிசோதனை நடந்தது. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்தைக் கொடுத்ததில், அடுத்து வரும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன என்று 2017இல் அறிவித்தார்கள். கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடவும் செய்தன, அழற்சி நமக்குத் தேவையான காவலும்கூட. சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி வெறும் அறிகுறி இல்லை, தானே கேடு செய்கிறது என்பதற்கு அது வலுவான சான்று.

ரிப்போர்ட்டின் ஆலோசனைகள்தான் எனக்கு மிகப் பெரிய ஏமாற்றம். ஒன்பது பக்கத்துக்கு அவர்களே விற்கும் மாத்திரைகள், தூக்கத்துக்கு நான்கு வரி. நான் இரவு ஷிஃப்ட் என்று படிவத்தில் எழுதியும்கூட! சர்ரே பல்கலைக்கழகத்தில் 26 பேரை ஒரு வாரம் தினமும் சராசரியாக 5.7 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு ரத்தத்தைப் பார்த்தார்கள், 711 மரபணுக்களின் செயல்பாடு கூடியோ குறைந்தோ இருந்தது, அவற்றில் அழற்சி, நோயெதிர்ப்பு, உடலின் நாள் கடிகாரம் சார்ந்தவையும் உண்டு. ஒரே வாரம்! பதினொரு வருடம் இரவில் விழித்திருந்தவனுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதானே?

உடற்பயிற்சிப் பக்கமும் அப்படித்தான், 'சுறுசுறுப்பாக இருங்கள்' என்று முடித்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்றை அங்கே போட்டிருக்கலாம். ஸ்வீடனில் 23 பேரை ஒற்றைக் காலால் மட்டும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், வாரம் 4 நாள், 45 நிமிடம், 3 மாதம். இன்னொரு கால் சும்மா இருந்தது. ஆள் ஒருவர், மரபணு ஒன்று, தூக்கமும் உணவும் கவலையும் ஒன்று. ஆனால் மிதித்த காலின் தசையில் கிட்டத்தட்ட 5,000 இடங்களில் மெத்தில் அமைப்பு மாறியிருந்தது. மிதிக்காத கால்தான் அங்கே ஒப்பீடு, இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

சேவையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. கட்டணத்திலேயே இருபது நிமிடத் தொலைபேசி ஆலோசனை அடங்கும். பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார். இரண்டு அட்டை விஷயத்தை நான் சொன்னதும் மழுப்பவில்லை. "ஒரு தடவை வர்ற எண்ணை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க சார், ஷிஃப்ட் மாத்த முடியுமான்னு முதல்ல பாருங்க" என்றார். மொத்தச் சேவையிலும் எனக்குப் பயன்பட்டது அந்த ஒரு வாக்கியம். அதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கலாம்.

ஒப்புதல் படிவத்தை அவசரப்படாமல் படியுங்கள். தகவலை ஆராய்ச்சிக்குப் பகிரும் கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தது, நான் எடுத்துவிட்டேன். எச்சிலை வாங்கி மரபணுவைச் சோதித்துச் சொல்லும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. அது நம் ஒருவருடையது மட்டுமில்லை, அக்கா தம்பி எல்லோருடையதும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. புகையை விட்டவர்களுக்கு அந்த ஒரு பக்கத்துக்காகச் சொல்லலாம். வயது எண்ணுக்காக வாங்க வேண்டாம். ஏற்கெனவே அழற்சி நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது கண்டிப்பாக வேண்டாம், அக்காவுக்கும் அதையே சொன்னேன். அவளுடைய மருத்துவர் முறையாக சிஆர்பி பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்கிறார், அங்கே இந்த ரிப்போர்ட் குழப்பத்தைத்தான் சேர்க்கும். இருந்தும் வாங்குகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் இரண்டைக் கேளுங்கள்: ஒரே மாதிரியை இருமுறை ஓட்டினால் எத்தனை ஆண்டு வித்தியாசம் வரும், சலசலப்பைக் குறைத்த புதிய கணக்கீட்டைப் பயன்படுத்துகிறீர்களா? பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எனக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்து ஐந்து மாதம் ஆகிறது. ஈறுக்கும் சிகிச்சை எடுத்தேன். போன வாரம் சாதாரண ஆய்வகத்தில் பார்த்ததில் சிஆர்பி 1.6. தூக்கமா ஈறா எது காரணம் என்று பிரிக்க வழியில்லை. அடுத்த மாதம் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், வந்ததும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.