‘முழுமையான மொழிபெயர்ப்பு’ என்று விற்கப்படும் பேய்க்கதைப் பெட்டி: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திகில் கதைகளில் ஆர்வமுள்ளவர்கள் பலரின் கண்ணில் அந்த விளம்பரம் இந்நேரம் பட்டிருக்கும். கறுப்பு அட்டைப்பெட்டி, உள்ளே ஐந்து புத்தகங்கள், ‘உலகின் தலைசிறந்த பேய்க்கதைகள், முழுமையான தமிழ் மொழிபெயர்ப்பில்’ என்ற வாசகம், விலை 1,350 ரூபாய். எங்கள் வாசகர் வட்டத்துக்காக அதை வாங்கினேன். கைக்கு வந்தது முழுமையும் இல்லை, மொழிபெயர்ப்பும் இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள். இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விளம்பரத்தை மட்டும் நம்பி நான் வாங்கவில்லை. புத்தகங்களைப் பற்றித் தொடர்ந்து பேசும் சிலர் அடுத்தடுத்து அதைப் பரிந்துரைத்தார்கள். ‘இரவில் தனியாகப் படிக்காதீர்கள்’, ‘கீழே வைக்க முடியவில்லை’ என்றெல்லாம் எழுதினார்கள். எங்கள் வட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நாவல் படிக்கத் திணறுகிறவர்கள். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வைத் தமிழில், வெட்டில்லாமல் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பெட்டியைப் பிரித்ததுமே சந்தேகம் வந்தது. 1897இல் வெளிவந்த அந்த நாவலில் 27 அத்தியாயங்கள் உண்டு. எந்தப் பதிப்பை எடுத்தாலும் கனமான புத்தகம். பெட்டியில் இருந்ததோ பெரிய எழுத்தில் அச்சிட்ட 96 பக்கம்.

பக்கம் குறைந்ததைவிட எனக்கு ஆத்திரமூட்டியது வேறு. ‘டிராகுலா’வில் கதைசொல்லி என்று ஒருவர் இல்லை. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றால் ஆன நாவல் அது. ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞரின் மே 3ஆம் தேதிக் குறிப்புடன் தொடங்குகிறது. வியன்னாவுக்கு ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது என்று எழுதுகிறார். இரவுச் சாப்பாட்டில் மிளகாய்த்தூள் தூக்கலாகச் சமைத்த கோழிக்கறி பிடித்துப்போய், அதன் செய்முறையைத் தான் மணக்கவிருக்கும் மினாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறார். ரயில் நேரத்தைக்கூடப் பிசகாமல் எழுதும் மனிதரை நாம் நம்பிவிடுகிறோம். அதனால்தான், கோட்டைச் சுவரில் அதன் சொந்தக்காரரான டிராகுலா பிரபு தலைகீழாக இறங்குவதைப் பார்த்தேன் என்று அவரே எழுதும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. பெட்டியில் வந்த புத்தகத்தில் நாட்குறிப்பும் இல்லை, கடிதமும் இல்லை. கொடூரமான இரத்தக்காட்டேரி ஒன்று கோட்டையில் வாழ்ந்துவந்தது என்று முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள்.

டெமீட்டர் கப்பலின் பகுதியை அடியோடு காணவில்லை. வார்னா துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் விட்பிக்கு வரும் கப்பல் அது. கேப்டனோடு சேர்த்து ஒன்பது பேர். சரக்கில் மண் நிரப்பிய பெட்டிகளும் உண்டு. ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவதைக் கேப்டன் தேதி போட்டு எழுதிக்கொண்டே வருகிறார். யாரோ உயரமான, மெலிந்த ஆள் கப்பலில் நடமாடுவதாக மாலுமி ஒருவன் சொல்கிறான். தேடிப் பார்த்தால் யாரும் இல்லை. கப்பல் புயலில் கரை சேரும்போது, கப்பலைத் திருப்பும் சக்கரத்தோடு கைகள் கட்டப்பட்ட நிலையில் கேப்டன் பிணமாக இருக்கிறார். அந்தச் சில பக்கங்களில் டிராகுலா என்ற பெயரே வருவதில்லை. நாவலில் என்னை மிகவும் நடுங்கவைத்த பக்கங்கள் அவை. பெட்டிப் புத்தகத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரே வரி: டிராகுலா கப்பலேறி இங்கிலாந்து வந்து சேர்ந்தான்.

அடுத்ததாக டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ சிறுகதை. (கதையைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், முடிவைச் சொல்லாமல் குற்றத்தைச் சொல்ல முடியாது.) மூன்று வரங்கள் தரும் குரங்குப் பாதத்திடம் வயதான தம்பதி 200 பவுண்டு கேட்கிறார்கள். ஆலை இயந்திரத்தில் சிக்கி மகன் இறந்துபோக, அதே தொகை இழப்பீடாக வருகிறது. மகன் உயிரோடு வர வேண்டும் என்று தாய் இரண்டாவது வரத்தைக் கேட்கவைக்கிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளோடு போராடிக்கொண்டிருக்க, தந்தை இருட்டில் பாதத்தைத் தேடி எடுத்து மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். தட்டும் ஓசை நிற்கிறது. கதவைத் திறந்தால் வெறும் தெரு, விளக்கு வெளிச்சம். வெளியே நின்றது என்ன என்று ஜேக்கப்ஸ் கடைசிவரை காட்டவே இல்லை. பெட்டிப் புத்தகத்திலோ கதவு திறக்கிறது, சதை கிழிந்த பிணம் உள்ளே வருகிறது, தாய் அலறி மயங்கி விழுகிறாள், கதை முடிகிறது. சுருக்கினார்கள் என்றுகூட இதைச் சொல்ல முடியாது. முடிவையே மாற்றி எழுதிவிட்டு, அட்டையில் ஜேக்கப்ஸ் பெயரைப் போட்டு விற்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி பெட்டியிலிருந்து முதலில் ‘டிராகுலா’வை எடுத்துப்போனாள். திருப்பிக் கொடுக்கும்போது, “பெரிய கதை என்று சொன்னீர்களே அக்கா, இதில் ஒன்றுமே இல்லையே” என்றாள். அவள் சொன்னது அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. ஸ்டோக்கரைப் பற்றி அவள் மனதில் இனி நிற்கப்போவது அதுதானே என்று நினைத்தபோது, போன பணத்தைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது.

ஐந்து புத்தகங்களிலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் கிடையாது. முகவரி இல்லை, பதிப்பு ஆண்டு இல்லை. பின்னட்டையிலிருந்த ஐஎஸ்பிஎன் எண்ணை (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) இணையத்தில் தேடினால் போட்டித் தேர்வு வழிகாட்டி ஒன்று வந்து நிற்கிறது. விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று பதில் வந்தது. பிரிக்காமல் உள்ளே இருப்பது என்னவென்று யாருக்குத் தெரியும்? மறுபடி எழுதியதற்குப் பதிலே இல்லை. பரிந்துரைத்தவர்களில் ஒருவரிடம், எந்தக் கதை உங்களைப் பயமுறுத்தியது என்று கேட்டேன். பெட்டி தனக்கு இலவசமாக வந்ததென்றும், தன் இணைப்பு வழியாக விற்கும் ஒவ்வொன்றுக்கும் கமிஷன் உண்டென்றும், முழுதாகப் படிக்கவில்லை என்றும் சொன்னார். அவருடைய பரிந்துரையில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

இந்த வியாபாரம் செழிக்க ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. ஸ்டோக்கர் 1912இலும் ஜேக்கப்ஸ் 1943இலும் காலமானவர்கள். அவர்களின் படைப்புகளை இன்று யாரும் அச்சிடலாம், தடையில்லை. பழைய பேய்க்கதைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். அச்சிடுவது குற்றமில்லை. வெட்டியும் திரித்தும் எழுதியதை ‘முழுமையானது’ என்று விற்பதுதான் மோசடி.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்கின்றன. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம், நான் செய்திருக்கிறேன். விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் படம் பிடித்து வையுங்கள். பில்லையும் பார்சல் உறையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாத மொழிபெயர்ப்பைத் தொடவே தொடாதீர்கள். உள்பக்கங்களின் படத்தைக் கேளுங்கள். நேர்மையான பதிப்பகம் தயங்காமல் அனுப்பும். ‘டிராகுலா’, ‘குரங்கின் பாதம்’ இரண்டின் ஆங்கில மூலமும், பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தரும் ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அத்தியாயங்களின் எண்ணிக்கையையும், முதல் பத்தியையும், கடைசிப் பத்தியையும் ஒப்பிட்டாலே பாதிப் புளுகு வெளிப்பட்டுவிடும்.

தமிழில் நல்ல பேய்க்கதை உடனே வேண்டும் என்பவர்கள் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யிலிருந்து தொடங்கலாம். நடந்தது பேயா, மனப்பிரமையா என்று கடைசிவரை பிடிகொடுக்காத கதை. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் சந்தையில் பல பதிப்புகள் உலவுகின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, காலச்சுவடு 2000இல் வெளியிட்ட முழுத்தொகுப்பு நம்பி வாங்கத்தக்கது. எங்கள் வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம்.

‘டிராகுலா’வைக் கடித வடிவம் சிதையாமல், வெட்டாமல் தமிழில் யாராவது படித்திருந்தால், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு ஆகிய விவரங்களோடு தெரிவியுங்கள். அந்த மாணவிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்.