பேட்டில்ஃபீல்டு 6-ஆ, பிளாக் ஆப்ஸ் 7-ஆ?

இந்த இரண்டு துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்களில் எதை வாங்குவது என்று தவிப்பவர்களுக்கு, இரண்டையும் ஆடிப் பார்த்தவன் கருத்து.

விலை: 2025-இல் அமெரிக்காவில் வெளியானபோது இரண்டும் 70 டாலர்தான். ஆனால் பிளாக் ஆப்ஸ் முதல் நாளே மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தா சேவையான கேம் பாஸ் அல்டிமேட்டில் வந்துவிட்டது.

கன்சோல்: பிளாக் ஆப்ஸ் பழைய பிஎஸ்4-லும் (பிளேஸ்டேஷன் 4) ஓடும். பேட்டில்ஃபீல்டுக்கு பிஎஸ்5 வேண்டும்.

ஆட்டம்: பிளாக் ஆப்ஸில் ஆறுக்கு ஆறு, சின்னக் களம், செத்தால் உடனே மறுபடி ஓட்டம். பேட்டில்ஃபீல்டில் 64 பேர். நான் ஒளிந்திருந்த சுவரை டாங்கி பெயர்த்துப் போட்டது, விழுந்துகிடந்த என்னை முன்பின் தெரியாத ஒருவர் புகைக்குள் தரதரவென்று இழுத்துப்போய் உயிர் கொடுத்தார், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே தினமும் இதைத் திறக்கிறேன்.

கதை: இரண்டுமே சுமார். பிளாக் ஆப்ஸ் கதைக்குக்கூட இணையம் வேண்டும், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அரைமணி நேரம்தான் கிடைக்கும், ஸோம்பிகளைச் (நடைப்பிணங்கள்) சுடும் ஆட்டமும் வேண்டுமென்றால் பிளாக் ஆப்ஸ். நாலு நண்பர்கள் சேர்ந்து இரவு முழுக்க ஆட பேட்டில்ஃபீல்டு.